மறைவு தேதி இல்லாத கண்ணீர் அஞ்சலி

எங்கள் பத்திரிகைக்குச் சோறு போடுகிறவர்கள் செத்தவர்கள்தான். இதை நான் சொன்னால் சிலருக்கு முகம் கோணும். கோணட்டும். கொல்லிமலைக்கு மட்டும் என்று நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையை நடத்திப் பார்த்தால் தெரியும். விற்று வருவது காகிதத்துக்கே பற்றாது. மலைமேல் நகைக்கடையா இருக்கிறது, விளம்பரம் கொடுக்க? காதுகுத்து வரும், கட்சிக்காரர் பிறந்தநாள் வாழ்த்து வரும். அவை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கண்ணீர் அஞ்சலி மட்டும் வாராவாரம் இருக்கும்.

அதனால் செம்மேட்டில் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து நான் துக்க வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போட்டோ வாங்க வேண்டும், பிறந்த தேதி கேட்க வேண்டும். பேரன் பேத்தி பெயரில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த வாரம் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் போட்டோவை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சரிங்க, போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். வாசலில் அழுதுகொண்டிருந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, படிச்சவங்கதானே நீங்க? எழவு ஊட்டுல வாரேன்னு சொல்லிட்டுப் போறீங்களே, இன்னொண்ணு உழுவோணுமா?" என்றார். துக்க வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும்தான். நாக்குக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த மாதிரி வீடுகளில் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நான் இந்த மலைக்காரி இல்லை. சேலத்தில் ஒரு தினசரியில் மெய்ப்புத் திருத்தி, பிறகு செய்தி எழுதி, பாதி ஆயுளைக் கழித்தவள். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். மாற்றலாகி மேலே வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் கீழே இறங்க மாட்டேன் என்றுவிட்டார். சும்மா உட்கார என்னால் முடியாது. பத்திரிகை ஆரம்பித்தேன். மலைமேல் எனக்குப் பெயரே போய்விட்டது. எல்லாருக்கும் நான் பேப்பரம்மா.

பத்திரிகை நடத்தினால் பகை வரும். வி.ஏ.ஓ.வைப் பற்றி எழுதினால் அவர் ஒரு மாதம் பேச மாட்டார். ரேஷன் கடையைப் பற்றி எழுதினால் எனக்குப் புழுத்த அரிசி கிடைக்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய பகை. சமாளிக்க முடியாதவர் ஒருவர்தான் இருந்தார். மலைமேல் எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். யார் ஆண்டாலும் அவர் ஆளுங்கட்சி. ரோடு போடுவது அவர் ஆட்கள், கட்டடம் கட்டுவது அவர் ஆட்கள், யாருக்கு வீடு, யாருக்கு ஆடு என்று முடிவு செய்வது அவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதிரே கரண்ட் கம்பம் நின்றாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். ஊரில் ஒரு சாவு விடாமல் ரோஜா மாலையோடு வந்து நிற்பார். அந்தப் பணிவைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அப்படி வாழவந்தி நாட்டில் ஓர் ஊர். பெயரை இப்போதும் எழுத மாட்டேன். அந்த ஊருக்கு மேலே ஓடையை மறித்து அரசாங்கப் பணத்தில் தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் தேங்கியது, வயலுக்குத்தான் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒரு சந்தை நாளில் என் ஆபீஸ் பெஞ்சில் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கேட்டால்தான் பேசுவார்கள்.

"தண்ணி எங்கீங்க போகுது?"

"கீழ போகுதுங்க."

"கீழன்னா எங்க?"

"குளிக்கறதுக்குங்க" என்றார் ஒரு பெரியவர்.

நேரில் போய்ப் பார்த்தேன். தடுப்பணையிலிருந்து ஒரு கறுப்புக் குழாய், பாதி மண்ணுக்குள், பாதி சருகுக்குள், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போயிற்று. கூடவே நடந்தேன். புதிதாகக் கட்டிய தங்கும் விடுதியின் நீச்சல் குளத்தில் போய் முடிந்தது. நாற்று வெளுத்துப்போன வயலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நீலமாகத் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. விடுதி அண்ணனின் மச்சான் பெயரில் இருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. படம் எடுத்துக்கொண்டேன்.

செய்தி போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரைக் கேட்பது எங்கள் தொழிலில் முறை. அண்ணனுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படீங்களா? தாராளமா எழுதுங்கம்மா. ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார். போனை வைத்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் இறங்கியது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல உயரம், மலையில் நான் பார்த்திராத முகம். கண்ணீர் அஞ்சலி போட வேண்டும், முதல் பக்கத்தில் கால் பக்கம் என்றார். நான் பேனாவை எடுத்தேன்.

"ஆருங்க தவறிட்டாங்க?"

"சொந்தத்துல ஒரு அம்மாங்க."

"எப்பங்க?"

"இன்னும் இல்லீங்க. இந்த வாரத்துல முடிஞ்சிரும்."

யாரோ பாவம், இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று நினைத்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்த டீயின் மேல் எரிச்சலாக வருகிறது. போட்டோவும் விவரமும் வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றார். சொன்ன காசை அப்படியே கொடுத்துவிட்டு எழுந்தார். பேரம் பேசாத அஞ்சலிக்காரரை நான் பார்த்ததே இல்லை. பணக்காரர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். போனில் வாட்ஸப் மணி அடித்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திறந்தேன். போட்டோவில் நான் இருந்தேன்.

சோளக்காட்டுச் சந்தையில் குனிந்து அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். முந்தின சந்தைக்குக் கட்டிப் போன பச்சைச் சேலை. பக்கத்தில் காய்க்காரியின் கை, வளையலோடு, பாதி தெரிகிறது. கீழே என் பெயரும், ஆறாத் துயரம், மீளாத் துயில் என்ற வழக்கமான வரிகளும். தோற்றம் என்று போட்டு என் பிறந்த தேதி சரியாக இருந்தது. மறைவு என்று போட்டு வெறும் புள்ளிகள். அதற்கும் கீழே ஒரு வரி: "மறைவு தேதி அப்புறம் சொல்றோம். எடம் மட்டும் விட்டு வைங்க."

பயந்தேன். வேறு வார்த்தை தேடிப் பிரயோசனமில்லை, பயந்தேன்.  போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அதன் மேல் ஒரு முறத்தைக் கவிழ்த்தேன். எத்தனை பேருக்கு அஞ்சலி எழுதியிருக்கிறேன்! ஆறாத் துயரம், மீளாத் துயில் என்று கை தானாக ஓடும். என் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தைகளைப் பார்த்தபோதுதான் அவை என்ன சொல்கின்றன என்றே எனக்கு உறைத்தது. அவரைக்காய் பொறுக்கும்போது ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் பேரம் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கம்பத்தில் ஏறி வாழ்ந்த மனிதர், எதற்கும் பதற மாட்டார். அன்றைக்குப் பட்டப்பகலில் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார்.

"விட்டுரு புள்ள."

"என்னத்த விடறது?"

"அந்தத் தண்ணிச் சேதிய. மழை பேஞ்சா வயலுக்கும் தண்ணி வந்துட்டுப் போகுது. நீ போயிட்டா ஆரு வருவா?"

"ஸ்டேஷனுக்குப் போலாங்களா?"

"என்னன்னு சொல்லுவ? ஒருத்தன் காசு குடுத்து வெளம்பரம் குடுத்தான்னா?"

எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் வந்த ஆத்திரம். மத்தியானம் வரை உம்மென்று இருந்தேன். பிறகு நாமக்கல்லில் எங்களுக்குப் பக்கம் கட்டுகிறவருக்கு நானே போன் செய்து, முதல் பக்கத்துச் செய்தியை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பட்டது.

வியாழக்கிழமை பக்கம் முடிக்க அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் போய்விட்டால் வீட்டுக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம். பஸ்ஸில் கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பிறகு ஜன்னல் வேண்டாம் என்று உள்ளே நகர்ந்தேன். பின்னால் இருந்தவர் இருமினார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பாவம், மறுபடி இருமவே இல்லை.

மூன்றாவது வளைவோ நாலாவது வளைவோ, பின் கண்ணாடியில் ஒரு பைக் தெரிந்தது. இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஹெல்மெட். மலைமேல் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. பஸ் வளைவில் மெதுவாகத் திரும்பினால் அவர்களும் மெதுவாகத் திரும்பினார்கள். முந்திப்போக இடமிருந்த இடத்திலும் முந்தவில்லை.  இறங்கலாமா என்று நினைத்தேன். நடுக்காட்டில் இறங்கி? கண்டக்டரிடம் சொல்லலாமா? என்னவென்று? கொண்டை ஊசி வளைவு எத்தனை என்று இந்த மலையில் குழந்தைக்கும் தெரியும், எனக்கு அன்றைக்கு அது முடியவே இல்லை. சாமி பெயர்களை வரிசையாகச் சொன்னேன். நடுவில் செத்துப்போன என் அம்மா பெயரும் வந்தது.

அடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் நின்றது. பைக்கும் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கல்லூரிப் பையன்கள். அருவி பார்க்க வந்தவர்கள் போலிருக்கிறது. ஒருவன் முழுக்க வெளிறிப்போய்க் கால் நடுங்க நின்றான். "டேய், பஸ்ஸுக்குப் பின்னாலயே வந்ததால தப்பிச்சோம்டா, எனக்குத் திருப்பவே வரல" என்றான். இரண்டு பேரும் போண்டா வாங்கித் தின்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகப் போயிற்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்தபோது கோபம் வந்தது. இந்த முறை என் மேல். அண்ணன் ஒரே ஒரு போட்டோதான் அனுப்பினார். மிச்ச வேலையெல்லாம் நானே செய்துகொண்டிருக்கிறேன். இருமுகிறவர், பைக் ஓட்டத் தெரியாத பையன், எல்லாரையும் நானே அவருக்கு அடியாளாகச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். செய்தியை எடுத்துவிட்டால் மட்டும் இது நின்றுவிடுமா? அடுத்த தடவை ரோட்டைப் பற்றி எழுதினால் இன்னொரு போட்டோ வரும். அதற்கடுத்து போட்டோ கூட வேண்டியிருக்காது, எனக்கே எழுதத் தோன்றாது. போதாக்குறைக்கு அந்தப் போட்டோ அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது. நாளைக்கே எனக்கு ஒன்று என்றால், பேப்பரம்மா வளைவில் கால் தவறி விழுந்துவிட்டாள் என்று அவரே மாலையோடு வந்து நிற்பார்.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் திரையில் முதல் பக்கம் இரண்டு ஓட்டைகளோடு இருந்தது. ஒன்று செய்தி இருந்த இடம். இன்னொன்று அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வாங்கிய இடம்.

"செய்திய மறுபடி வைங்க" என்றேன்.

பக்கம் கட்டுகிறவர் வைத்தார். "வெளம்பரத்துக்கு மேட்டர் வந்துருச்சுங்களாக்கா?"

போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அக்கா, வேண்டாங்க. விளையாடற விசயமாங்க இது?"

"காசு வாங்கியாச்சு. காசு வாங்கின வெளம்பரத்த நாம போடாம இருந்ததில்ல. பார்டர் கட்டிப் போடுங்க. விளக்குப் படமும் வைங்க."

  செய்திக்குப் பக்கத்திலேயே என் படம், கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு, புள்ளிகள். அடியில் நானே ஒரு வரி சொல்லச் சொல்ல அவர் தட்டினார்: "மேற்கண்ட விளம்பரம் ஆசிரியருக்கு வாட்ஸப்பில் வந்தது. ஆசிரியர் நலமாக இருக்கிறார். மறைவு தேதி கிடைத்ததும் வெளியிடப்படும்." ஊருக்கே தெரிந்துவிட்டால் என்மேல் கை வைக்க யோசிப்பார்கள் என்பது என் கணக்கு. பக்கம் கட்டுகிறவர் தலையில் அடித்துக்கொண்டே அச்சுக்கு அனுப்பினார்.

இங்கேதான் ஒரு பேப்பர்க்காரி மறக்கக் கூடாத ஒன்றை மறந்தேன். எங்கள் பத்திரிகை சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வரும். கண்டக்டர் ஊருக்கு ஊர் கட்டைத் தூக்கிப் போடுவார். டீக்கடைக்காரர்கள் அதைக் குறுக்கே மடித்துச் சணலில் தொங்கவிட்டு, சேலைக்கு மாட்டுகிற மாதிரி ஒரு கிளிப் போடுவார்கள். மலைமேல் பாதிப் பேர் பத்திரிகையை வாங்குவதில்லை, தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மடிப்புக்கு மேலே என் படம், கண்ணீர் அஞ்சலி, விளக்கு. ஆசிரியர் நலமாக இருக்கிறார் என்பது மடிப்புக்குக் கீழே போய்விட்டது.

சனிக்கிழமை வீட்டுக்காரர் என்னை ஆபீசுக்கு விடவில்லை. எங்கள் வீடு ரோட்டிலிருந்து சற்று இறக்கத்தில், காபிச் செடிகளுக்கு நடுவே தனியாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போனை அணைத்து வைத்திருந்தார். ரேடியோவும் வைக்கவில்லை. வெளியே பனி விலகாமல் இருந்தது.

ரோட்டில் ஒரு வண்டி நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். பிறகு காலடிச் சத்தம், ஒன்றிரண்டு இல்லை, நிறைய. சருகை மிதித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர் எழுந்து தன் பழைய கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு கூட்டத்தை என்ன செய்ய நினைத்தாரோ! என்னால் அடுப்படிக்குப் போகக்கூட முடியவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். வந்துவிட்டார்கள், புள்ளியை நிரப்ப வந்துவிட்டார்கள் என்று ஒரே நினைப்பு.

கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல் எழுந்தது.

"எங்க சேதிய எழுதுன தாயே, உன் சேதிய ஆரு எழுதுவா..."

பின்பாட்டாக நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடிக்க வருகிறவன் ஒப்பாரி வைக்க மாட்டான். அவர்தான் கதவைத் திறந்தார். வாசல் நிறைய அந்தத் தடுப்பணை ஊர்க்காரர்கள், ஆண்கள் தலையில் துண்டில்லாமல், பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டு. அவரைப் பார்த்ததும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க ஆச்சு? வியாழக்கெழம பஸ்ஸுல போறப்பக்கூடப் பாத்தனுங்களே" என்று தேம்பினார். நான் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

முன்னால் நின்ற அம்மாள் கீச்சென்று கத்தி உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்தது கல்யாண வீடு மாதிரிதான். திட்டினார்கள், கன்னத்தைத் தடவினார்கள், கிள்ளிப் பார்த்தார்கள். என் பேரில் ஒப்பாரி வைத்த அம்மாள் சோளக்காட்டில் அவரைக்காய் விற்கிறவர். என்னைக் கட்டிக்கொண்டு விடாமல் அழுதார். "நாந்தான் சாவலியே, ஏன் அழுவறீங்க?" என்றால், "வந்த அழுகைய என்னத்தக் கண்ணு பண்றது?" என்றார். ஒரு பெரியவருக்கு வேறு கவலை. "எழவுக்குன்னு கெளம்பி வந்தாச்சு. இப்பத் திரும்பிப் போயிக் குளிக்கறதா, வேண்டாங்களா?"  அதற்குள் திருப்புலி நாட்டிலிருந்து ஒரு பிக்கப் வண்டி நிறைய ஆட்கள் இறங்கினார்கள். வீட்டுக்காரர் பிளேயரை வைத்துவிட்டு டீ போடப் போனார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயம் கூட இந்த இரைச்சலில் எங்கோ ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது.

அப்போதுதான் கொடி கட்டிய வெள்ளைக் கார் வந்து நின்றது.

அண்ணன் இறங்கினார். கையில் ரோஜா மாலை. வழக்கத்தைவிடப் பெரியது. மலை முழுக்க நான் செத்துவிட்டேன் என்று பேச்சு. வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஆனால் அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பயந்திருந்தார். மிரட்டத்தானே சொன்னோம், நம் ஆட்கள் முடித்தே விட்டார்களா என்று நினைத்திருப்பார். கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த வழியின் கோடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டீ டம்ளரோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"வாங்கண்ணா. டீ சாப்பிடறீங்களா?" என்றேன்.  

அவர் மாலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். "என்னமோ தப்பா சொல்லிப்போட்டாங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இன்னிக்கு வரைக்கும் நல்லா இருக்கேன்."

காய்க்கார அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் காரோட்டி வந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, நீதானே அன்னிக்குச் சந்தையில அம்மாவ செல்போன்ல படம் புடிச்ச? காய் வாங்க வந்தயின்னு நெனச்சேன். போட்டாவுல என் கையும் இருக்குது பாரு" என்று வளையல் கையை நீட்டினார். குற்றம் சாட்டும் குரலில்லை, சந்தையில் பார்த்தவரை விசாரிக்கும் குரல்தான். ஆனால் ஓட்டுநர் குனிந்துகொண்டான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு மாலையைப் பார்த்தார்கள்.

என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே பெரியவர் இரண்டடி முன்னால் வந்தார். "அண்ணா, வந்தது வந்தீங்க. எங்க தண்ணிய உட்ருங்க."

அண்ணன் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் வைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. அது போய்விட்டிருந்தது. நிதானமாக, அளவெடுக்கிற மாதிரி பார்த்தார். பிறகு திரும்பி ஏறிப் போனார். கரண்ட் கம்பத்தைக்கூடக் கும்பிடுகிறவர், கும்பிடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவுமில்லை.

சாயந்திரம் ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள். "வாரேஞ் சாமி", "வாரேனுங்கம்மா" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்கள், இது துக்க வீடு இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. காய்க்கார அம்மாள் ரோடு வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்குத் தலையில் தட்டிய மாதிரி இருந்தது. அவ்வளவு பேரில் அண்ணன் ஒருவர்தான் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார்.

மறுவாரமே குழாயை யாரோ பிடுங்கிவிட்டார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் வந்தது, நானும் நாலு வரிச் செய்தி போட்டேன். பத்திரிகை இன்றும் நடக்கிறது. போட்டோ இல்லாமல் கண்ணீர் அஞ்சலிக்கு இடம் கொடுப்பதில்லை என்று ஒரு விதி மட்டும் புதிதாக வைத்திருக்கிறேன். அண்ணன் எதிரே வந்தால் பழையபடி கும்பிடுகிறார். நானும் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒரு பழக்கம் என்னை ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், மீட்டர் பார்க்க வந்தவரானாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவரானாலும், கிளம்பும்போது வாசல்வரை கூடவே போய் நிற்கிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். வாரேனுங்க என்று அவர்கள் வாயால் சொல்கிறவரை என்னால் உள்ளே வர முடிவதில்லை.